முள்ளோடை தாண்டினால் விலை குறையும்

கிளம்பும்போது என்னிடம் நாற்பத்தைந்தாயிரம் இருந்தது.
பர்ஸில் இல்லை, நாக்கில்.
நேற்றிரவு கரன்ட் பில்லின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்:
படிக்கட்டுச் சுவர், மூன்று மாடி,
பதினெட்டு நாள், சாரம் கட்ட ஓர் ஆள்,
கழுத்துவலிக்குத் தைலம்.
அடியில் இரண்டு கோடு இழுத்து
கண்ணாடிமுன் நின்று மூன்றுமுறை சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாம் முறை குரல் இடறவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஏறினேன். ஜன்னலோரம்.
கெடிலத்தில் ஆகாயத்தாமரை, தண்ணீர் தெரியவில்லை.
ஆல்பேட்டைச் செக்போஸ்டில் பஸ் நின்றபோது
நாற்பது போதுமே என்றிருந்தது.
அவரும் இப்போதுதானே ஓட்டல் திறக்கிறார்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது.
முப்பத்தைந்து.

ரெட்டிச்சாவடியில் அப்பா ஏறிக்கொண்டார்,
செத்து ஆறு வருடமாகிறது, டிக்கெட்டும் எடுக்கவில்லை.
"கொளஞ்சி மவ காசு காசுன்னு நின்னான்னு
பேர் வரக்கூடாது.
சரஸ்வதி இருக்கிற வீட்ல லட்சுமி தங்க மாட்டா."

அப்பா,
அவர்கள் இருவரையும் போன வருடம்
ஒரே காலண்டரில் நிற்கவைத்தவள் நான்.
இம்பீரியல் சாலை நகைக்கடைக்கு.
தோளோடு தோள்.
ஒருத்தியின் வீணை நிழல்
மற்றவள் கொட்டும் நாணயங்கள்மேல் விழும்.
சண்டை ஒன்றும் வரவில்லை.
கூலிதான் வரவில்லை.
பத்து காலண்டரும் அரைக்கிலோ மிக்சரும் வந்தன.
"உங்க கைக்கு விலை போட முடியுமாம்மா?" என்றார் முதலாளி.
முடியாது என்று நானும் நம்பி
மிக்சரைத் தின்றேன்.

முள்ளோடை.
எல்லைக்கு அந்தப் பக்கம் பிராந்தி மலிவு,
டீசல் மலிவு,
நான் மலிவு.
இருபத்தைந்து.

கிருமாம்பாக்கத்தில், 'மூலையில் கையெழுத்துப் போட்டால்
பேர் கிடைக்குமே' என்றது ஒரு குரல்.
அப்பாவுடையது இல்லை, என்னுடையது.
தவளக்குப்பத்தில் பதினெட்டு.
நாளைக்கு ஆயிரம்.
சாரம் கட்டுபவருக்கு
அதைவிட அதிகம் பேசியிருக்கிறேன்.

அரியாங்குப்பத்தில் கண்டக்டர் என்னைத் தாண்டிப் போனார்.
"அண்ணே, மீதி ரெண்டு ரூபா."
"சில்லற இல்லம்மா."
"முன்னாடி ஏறுன அக்கா காயின் குடுத்துச்சே, பாத்தேன்."
முன்சீட்டுக் காலேஜ் பையன் திரும்பினான்.
எனக்குக் கூசவில்லை.
பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.
அவருக்குக் கோபம்கூட இல்லை.

யாரோ பிடித்திருந்த காசு,
உள்ளங்கையில் வெதுவெதுப்பாக.
கணக்கில் என்னுடையது, அதனால் கேட்டேன்.
அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை அதில்.
இருபத்தேழாயிரத்தை
எவரும் கேட்காமல், எவரும் பேரம் பேசாமல்
ஜன்னல் வழியே
நானே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.
எந்தக் கண்டக்டரிடம் போய்
அந்த மீதியைக் கேட்பது?

முருங்கப்பாக்கத்தில்
"நாற்பத்தஞ்சு" என்றேன், வாய்விட்டு.
பக்கத்து அம்மாளுக்குக் காதில் விழுந்துவிட்டது.
"இது நாப்பத்தஞ்சு இல்லம்மா,
பஸ்ஸ்டாண்டுக்குப் போறது."

வைசியாள் வீதி.
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
லெயோன் சவரிராயன் காபி வரவழைத்தார்,
சுவரைத் தட்டிக் காட்டினார்,
மகள் லியோனில் படிப்பதைச் சொன்னார்,
பிறகு சாதாரணமாக,
"எவ்ளோ ஆவும்?"

சொன்னேன்.
கண்ணாடிமுன் சொன்னதைவிடக் கொஞ்சம் வேகம்.
ஆனால் முழுசாக.

அவர் பதில் பேசவில்லை. ஃபேன்
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் கிறீச்சிட்டது.
'பாத்துக் குடுங்க சார்'
தொண்டைவரை வந்துவிட்டது.
காபியைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.
சர்க்கரை அதிகம்.

"பெயின்ட்டும் சேத்துதானே?"

"பெயின்ட் தனி."