இன்னும் மோசமில்லை

நிரந்தர வதிவிட அட்டை தபாலில் வந்த அன்று
கியாராஷ் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
படத்தில் என் வாய் மூடியிருந்தது.
விதி அப்படி, பல் தெரியக் கூடாது.
நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

தெஹ்ரானில் நான்கு வருடம் பிரெஞ்சு படித்தவள்.
வாசிப்பில் தொண்ணூற்றொன்று,
கேட்பதில் எழுபது.
பேச்சில் எவ்வளவு என்று மாமியார் கேட்டபோது
லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரிலும் நன்றிக்கு மெர்சிதான்.
அந்த ஒரே நோட்டைச் சில்லறையாக்கி
மூன்று வாரம் செலவழித்தேன்,
ரொட்டிக் கடையில், பேருந்தில்,
என் காலை மிதித்தவனிடமும்.

பாடத்தின் ஒலிப்பதிவில் பேசியவள் பாரிஸ்காரி.
த்ருவா-ரிவியேரில் ஒருவரும் அவளைப் போலப் பேசுவதில்லை.
சொற்கள் பனியில் சறுக்கிக்கொண்டு வருகின்றன,
பாதி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

என் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்.
இங்கே மேசை பெண், அடுப்பு ஆண், சாவி மறுபடி பெண்.
வாய் திறக்குமுன் சாமான் ஒவ்வொன்றுக்கும்
பால் பார்த்தாக வேண்டும்.
அதற்குள் வரிசை நகர்ந்துவிடுகிறது.

நேரில் என்றால் கை உண்டு, புருவம் உண்டு.
போனில் வாய் மட்டும்.
மருந்தகத்து வேலைக்கான அழைப்பை
இரண்டு முறை அடித்து ஓய விட்டேன்.

சனிக்கிழமை இரவு, மைனஸ் இருபத்தேழு.
ஹீட்டர் நின்றது.
கியாராஷுக்கு இரவுப் பணி.
குழந்தையின் மூக்கு நுனியைத் தொட்டேன்,
தொட்ட விரலாலேயே எண்ணை அழுத்தினேன்.

ஹீட்டர் ஆணா பெண்ணா, யோசிக்கவில்லை.
இறந்த காலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"மதாம் கயெத்தான், ஹீட்டர் சாகிறது,
குழந்தை குளிர்கிறது, நீங்கள் வருகிறது"
ஏறக்குறைய இப்படித்தான் சொல்லியிருப்பேன்.
மறுமுனையில் நீளமாக ஏதோ.
மெர்சி என்றேன்.

இருபது நிமிடத்தில் வந்தாள் வீட்டுக்காரி,
இரவு உடைக்கு மேல் கோட்டு,
கையில் ஸ்க்ரூ டிரைவர்.
மண்டியிட்டு எதையோ திருகினாள்,
சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.
இரும்பு முனகியது. மெல்ல மெல்லச் சூடு.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு
"பா பீர்" என்றாள்.
பா என்றால் இல்லை.
பீர் என்றால் இன்னும் மோசம்.
ஹீட்டரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா?
கேள்வியைக் கோத்து முடிப்பதற்குள்
படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை. மருந்தகத்து எண் மறுபடி ஒளிர்கிறது.
மூன்றாவது மணி.
நான்காவது.

அலோ என்கிறேன்.
எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம்.