சமையலறை ஒன்பதுக்கு மூடும்

பெருங்குடியில், நான்காம் மாடியில்,
ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
நான் கண்ணால் பார்க்காத
பதினேழு சாராயக்கடைகளுக்கு
மேசை பிடித்துக் கொடுக்கிறேன்.

சாராயக்கடை என்றால் எஸ்தருக்குப் பொறுக்காது.
பப் என்று சொல்லுடி என்பாள்.
குடும்பத்தோடு போகலாம்,
நாயோடுகூடப் போகலாம்.
ஊமை அன்னம். மூன்று லாடம். மணியும் வாளியும்.
பலகையில் இருக்கும் பெயரைத் தமிழாக்குவது
அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் என் விளையாட்டு.

ஊமை அன்னத்தில் கணப்புக்குப் பக்கம் நான்காம் மேசை.
அதில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடும்,
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.
ஞாயிறு மதியம் மாட்டு ரோஸ்ட் இரண்டரைக்குள் தீர்ந்துவிடும்.
பட்டாணி சூப்பில் பன்றி உண்டு,
கேட்காதவர்களுக்கும் சொல்ல வேண்டும்.
மூன்று லாடத்தில் நிலைப்படி தாழ்வு:
போன வருடம் ஒருவருக்கு நெற்றியில் நாலு தையல்.
இவ்வளவும் தெரிந்த எனக்கு
அவர்கள் ஊற்றிக்கொள்ளும் அந்தக் குழம்பின் வாசனை தெரியாது.
பியரை ஏன் ஆறவிட்டுக் குடிக்கிறார்கள் என்பதும்.
நாய்க்குத் தனித் தட்டா என்பதும்.

நவம்பர்.
பள்ளிக்கரணைக்கு மேல் நேற்றிலிருந்து
ஒரே கொட்டு.
ராத்திரி ஒன்றேகால், அங்கே ஏழே முக்கால்.
பென்ஹாலிகன் என்று ஒருவர்,
ஆறு பேர், குழந்தை நாற்காலி ஒன்று.
அங்கும் மழையாம், ஹாஸல்கோம்ப் ஓடை
பாலத்தின் மேல் போகிறதாம்.
வேறு வழி உண்டா?

உண்டு.
தேவாலயத்தைச் சுற்றி இடப்பக்கம் திரும்புங்கள்.
சிவப்புத் தபால்பெட்டி தாண்டினால் ஆட்டுப்பட்டிக் கதவு,
திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.
அது மேட்டுப்பாதை, தண்ணீர் ஏறாது.
சமையலறை ஒன்பதுக்கு மூடும்,
நீங்கள் எட்டரைக்கெல்லாம் உட்கார்ந்துவிடலாம்.

இந்தப் பக்கத்துப் பெண்ணா நீ என்றார்.
பக்கம்தான் என்றேன்.
எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு மணிக்கு வண்டியில் ஏறினோம்.
ரேடியல் ரோட்டில் பாதி தூரம் போய்
தேவேந்திரன் வண்டியை நிறுத்தினார்.
முன்னால் ரோடு இல்லை,
ஒரு பஸ்ஸின் மேல்பாதி இருந்தது.
மடிப்பாக்கத்துக்கு வேற வழி தெரியுமா மேடம்?
எட்டு வருடமாக அங்கே குடியிருக்கிறேன்.
தெரியவில்லை.
மேடு எது, பள்ளம் எது,
எந்தத் தெரு ஏரியாக இருந்தது,
எதன் கதவை யார் திறந்து விட்டார்கள்,
ஒன்றும் யாரும் எனக்கு எழுதி வைக்கவில்லை.

திரும்பி வந்தோம்.
ஆபீஸ் மதிலை ஒட்டி நீலத் தார்ப்பாய்க்குள்
காஜா மொய்தீனின் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.
எத்தனை பேர் என்றார்.
மூணு.
பெஞ்சில் இருந்த பால் கேனை இறக்கி வைத்தார்.
அடுப்புக்குப் பக்கமா உட்காரும்மா, நனைஞ்சிருக்கே.
உட்கார்ந்தேன், பெஞ்சு ஆடியது.
முட்டை தீர்ந்துபோச்சு, குருமா தீர்ந்துபோச்சு,
பன் இருக்கு, இஞ்சி டீ இருக்கு.
தேவேந்திரன் ஒரு கார்ட்போர்டை மடித்து
பெஞ்சுக் காலுக்கு அடியில் செருகினார்.
ஒரு நிமிஷ வேலை.

டீ தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது.
கடை எப்ப மூடுவீங்க பாய்?
மூடிட்டு எங்கம்மா போறது,
வீட்டுக்குள்ளேயும் தண்ணி என்றார்,
ஏதோ விலை சொல்வதுபோல.

சொட்டச் சொட்ட ஒரு செவலை நாய்
எங்கள் கால்களுக்கு நடுவில் நுழைந்தது.
யாரும் விரட்டவில்லை.
காஜா பன்னைப் பிய்த்துப் பாலில் நனைத்து
ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு
கீழே தள்ளினார்.

ஓ,
தனித் தட்டுதான்.