இரண்டாவது கோடு

மில்வாக்கி. பிப்ரவரி. செவ்வாய் மாலை ஆறரை.
தேவாலயத்தின் நிலவறையில்
வெந்நீர்க் குழாய் ஒருமுறை இருமி அடங்கிவிட்டது.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம்
பதினொரு பேர்.

ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர் நான்.
பைக்குள் நாற்பதாயிரம் டாலர்
இன்னும் பணமாகாமல் இருக்கிறது,
எட்டுப் பக்க ஒப்பந்தமாக.
அதில் ‘கூட்டாளி’ பத்தொன்பது முறை வருகிறது.
எண்ணியது நானல்ல, ஒடெஸா டாலிவர்.
நகரப் பேருந்து ஓட்டுகிறவர்;
ஏறுகிற தலை, இறங்குகிற தலை
இரண்டும் கணக்கில் இருக்கும்.

“பத்தொன்பது தடவை கூட்டாளி.
கையெழுத்துப் போட மட்டும் ஒரே கோடு.
கோட்டின் கீழே உங்கள் பெயர்.”

யாரோ காபிக் கோப்பையை மேசையில் வைத்தார்கள்.
அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நல்லெண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.
சந்தா, தணிக்கை, விதிமுறை என்று
பேசப் பேச
கைநோட்டு சில்லறையாகிக்கொண்டே போனது.

“ஒன்பது நாள்,” என்றார் கிராசியேலா.
“நீங்கள் வேலைநிறுத்தம் செய்த வருடம்.
பிள்ளையை விட இடமில்லாமல்
ஆறாம் நாள் சலவைக்கூட வேலை போனது எனக்கு.
ஏழாம் நாள்
உங்கள் மறியலுக்குத் தமாலே கட்டிக்கொண்டு வந்தேன்.
ரசீது கேட்டேனா?”

சாப்பிட்டிருக்கிறேன்.
கையுறையோடு, நின்றபடி, இரண்டு.
பச்சை மிளகாய் மூக்கில் ஏறியது நினைவிருக்கிறது.
கொடுத்த முகம் நினைவில் இல்லை.

கூட்டாளி என்று எழுதி வந்தோம்.
வரப்பே இல்லாத ஊரில்
பங்காளிகளாகச் சண்டை போட்டோம்
எட்டு மணி வரைக்கும்.

“கல்விச் சமத்துவம் என்று போட்டிருக்கிறதே,” என்றார்
அச்சகத்தில் வேலை பார்க்கும் கூ ஷியாங்,
“அது காலையில் எத்தனை மணிக்கு வரும்?
எங்கள் தெருவுக்குப் பள்ளி வண்டி ஆறு பத்துக்கு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு நாற்பது.
இரண்டு பிள்ளைகளும் ஒரே மணிக்குத்தான்
ஒரே பரீட்சை எழுதுகிறார்கள்.”
பிறகு கொஞ்சம் சிரித்தார்.
“என் மகளின் மதிப்பெண் அறிக்கையை
ஹ்மாங் மொழியில் சொல்வது என் மகள்தான்.
மூன்று வருடமாக
எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரி.”

மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்கினோம்.
மாலை வகுப்புக்கு, அதன் வாசல் விளக்குக்கு.
விளக்கு என் பட்டியலில் இல்லை.

“வண்டியைக் காசு கொடுத்து வாங்க முடியாது,” ஒடெஸா சொன்னார்.
“அடுத்த முறை கல்வி வாரியத்தோடு பேரம் பேசும்போது
உங்கள் சம்பளத்துக்கு அடுத்த வரியில்
எங்கள் ஆறு பத்தை எழுதுங்கள்.”

அந்த அதிகாரம் எனக்கில்லை என்றேன்.
பிரதிநிதிகள் வாக்களிக்க வேண்டும்.
தோற்றுப்போகலாம்.

“தோற்றால் இங்கே வந்து சொல்லுங்கள்.
கடிதம் அனுப்பாதீர்கள்.”

அப்புறம் அவர் ஒரு உறையை மேசையில் தள்ளினார்.
வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விற்ற பணம்.
எண்ணெய் வாசனை. அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
“எங்கள் பங்கு. இதையும் எழுதுங்கள்.”

ஏழாம் வகுப்புக்கு விகிதம் நடத்துகிறவன் நான்.
மனம் அதுபாட்டுக்குப் போட்டுப் பார்த்தது:
நூற்றுக்கு ஒன்றரை.
உடனே வெட்கமாக இருந்தது.

பாட்டுப் புத்தகத்தின் விளிம்பை வைத்து
எட்டாம் பக்கத்தில்
இரண்டாவது கோட்டை கிராசியேலா இழுத்தார்.
மசி கொஞ்சம் இழுசியது.
முதல் கோட்டைவிட நீளமாகப் போய்விட்டது.
யாரும் அழிக்கச் சொல்லவில்லை.
கையெழுத்தும் இன்று வேண்டாம் என்றார்கள்,
வாக்கெடுப்பு முடியட்டும்.

வியாழக்கிழமை. நூற்று நாற்பது பிரதிநிதிகள்.
எனக்குத் தெரிந்து எழுபது பேர் கை தூக்குவார்கள்.
காருக்குள் உட்கார்ந்து
எழுபத்தொன்றாவது ஆளுக்காகத்
தொலைபேசிப் பட்டியலைத் திறக்கிறேன்.
கண்ணாடியில் பனியைச் சுரண்டவில்லை இன்னும்.
முதல் மணி போகிறது.