வாட்டம்

ஷிமல் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி
ஜர்வாலி வண்டியை நிறுத்தினான்.
"மேலே ஒன்றுமில்லை, ராணியின் அரண்மனை."
ஒன்றுமில்லை என்பதும் அரண்மனை என்பதும்
அவன் உருதுவில் ஒரே மூச்சு.

ஏறி முடிக்கையில் சட்டை முதுகில் உப்புப் படம்.

எந்த ராணி என்று கல்லுக்குத் தெரியாது.
ஷேபா என்கிறார்கள். அவளுக்கு எத்தனை அரண்மனைதான்!
சுவர்கள் முழங்கால் உயரம்.
கொத்தளம் இருந்த இடத்தில் ஒரு கோடு.
வாசலை நிலைக்கல் இல்லாமல் ஊகித்துத்தான் நுழைந்தேன்.
கீழே பேரீச்சை, அதற்கப்பால்
ஜுல்ஃபாரின் கப்பல்கள் நின்ற கடல்
இன்று எங்கோ தள்ளி, ஆலைப் புகைக்குப் பின்னால்.

சரிந்தவற்றின் நடுவே சரியாதது ஒன்று:
மழைநீர்த் தொட்டி.
கவிழ்த்த படகாய் அதன் கூரை.

பதினொரு வருடமாக துபாய் மாடிகளில்
கசிவை அடைக்கிறவன் நான்.
குனிந்து நுழைந்ததும் கை தானாக வேலைக்குப் போயிற்று.
விரல் மடக்கித் தட்டினேன், பூச்சு கெட்டி.
தரையும் சுவரும் சேருமிடத்தை
கூராக விடாமல் வட்டமாய் வழித்திருந்தான்.
அப்படி வழிக்காவிட்டால் எங்கள் ரொமெல்
உளியெடுத்து உடைக்கச் சொல்வான்.

எதிரி ஏணி சாத்த வேண்டியதில்லை இங்கே.
அடிவாரத்தில் உட்கார்ந்து
ரொட்டி சுட்டுத் தின்றால் போதும்,
தாகமே கதவைத் திறந்துவிடும்.
வருடத்துக்கு நாலு மழை; அதை நம்பி ஒரு மலை.
வில்லும் வேலும் அப்புறம்.
இந்தக் கோட்டைக்குத் தளபதி, கொத்தன்.

பாட்டிலில் பாதியைத் தரையில் ஊற்றினேன்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு புழுதியைச் சுருட்டிக்கொண்டு
வடக்கு மூலைக்கு நகர்ந்தது.
அங்கே ஒரு குழி,
குவளை நுழையும் அகலம்.

வாட்டம் சரி.
முகம் சோர்ந்தாலும் அதைத்தான் சொல்கிறோம்,
வாட்டம் என்று.
கடைசிக் குவளை எங்கே போய்ச் சேரும் என
நிறைந்த நாளிலேயே நினைத்தவன்
என்ன முகத்தோடு பூசியிருப்பான்?

ரொமெலுக்குப் படம் அனுப்பினேன்.
"உத்தரவாதம் எத்தனை வருடம்?" என்று பதில்.

கீழே ஹாரன். இரண்டு முறை.
குழியில் தேங்கியதன் விளிம்பில்
குளவி ஒன்று வந்திறங்கி
சிறகு மடக்கிக் குடிக்கத் தொடங்கியது.
அது முடிக்கட்டும் என்று நின்றேன்.