மூன்றாவது பத்தி

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போனால்
எங்கள் நூலகத்தில் வேதியியல் அலமாரி மட்டும் நடுங்கும்.
அதன் காலுக்கடியில்
சைக்கிள் டியூபை வெட்டிச் செருகியவர் எபினேசர்.
படிவத்தில் அவருக்கு நான் எழுதியிருந்தது:
‘இருக்கையில் இருப்பதில்லை’.

வெள்ளிக்குள் முதல்வர் மேசைக்குப் போக வேண்டும்
வரும் ஆண்டின் பணித்திட்டம்.
பெயர், பொறுப்பு, குறை.
மூன்றாவது பத்தியைத்தான் முதலில் முடித்தேன்.
அதில் எனக்குக் கை நன்றாக ஓடும்.

சற்குணம் மெதுவு.
நாளெல்லாம் தட்டி இருபது புத்தகம் ஏற்றுவாள்.
ஆனால் பட்டியலில்
ஒரே சோ. முருகேசனாகப் பதினோரு வருடம் கிடந்தவர்களை
கணக்குக்காரர் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர் என்று
பிரித்து வைத்தவள் அவள்.
அதற்குப் பத்தி இல்லை.

லோகு சத்தம்.
‘அமைதி’ப் பலகைக்குக் கீழேயே நின்று,
“இன்னாடா, ஃபைன் கட்டத் துட்டு இல்லன்னா
படிக்க வராம பூடுவியா?”
காசிமேட்டுப் பையன் தலை குனிந்து சிரித்தான்.
மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிவந்தான்.

ரப்பர் எடுத்து அழித்தேன்.
குறை போகவில்லை, தாள் கிழிந்தது.

வேறு தாளில் முதலிலிருந்து.
எபினேசருக்கு நாற்காலி வேண்டாம், சாவிக்கொத்து.
மாடி ஒழுகுவதை மழைக்கு முன் மோந்து சொல்கிறவரைக்
கவுண்டரில் கட்டிப்போட்டது நான்தானே.
சற்குணத்துக்கு ஜன்னலோர மேசை, அவசரம் இல்லாத அறுநூறு பெட்டி.
லோகு வாசலுக்கு.
ஷம்ஷாத்துக்கு என்ன எழுதுவது?
ஆறு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கிறாள்,
நேரத்துக்கு வருவாள் என்பதற்கு மேல்
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்று மணித் தேநீரில் தாளைச் சுற்றுக்கு விட்டேன்.
ஷம்ஷாத் இரண்டு முறை படித்தாள்.
“உங்க பேர் எங்க மேடம்?”

மணலிப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது, அதே நெடி.
யாரும் பேசவில்லை.
லோகுதான், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி:
“மேடம் லேட்டாத்தான் பாப்பாங்க.
ஆனா பாத்துருவாங்க.”

அதைப் படிவத்தில் எழுதலாமா
என்று யாரிடமும் கேட்கவில்லை.
வியாழன் மாலை கவுண்டருக்கு இன்னும் ஆள் இல்லை.
ஷம்ஷாத்தின் கட்டமும் காலி.
அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.
வெளியே லாரி ஒன்று போனது.
திரும்பிப் பார்த்தேன்,
அலமாரி அசையவில்லை.