பதினேழாவது டேக்

டூங்காபியில் எங்கள் கராஜுக்குள்
கார் நின்றதே இல்லை.
மூலைக்கொன்றாய் நான்கு பொன்னி அரிசி மூட்டைகள்,
அடித்தொனியை விழுங்குவதற்கு.
மாதக் கடைசியில் ஒன்றை உருவி
உலையில் போட்டுவிடுவான் நிருத்தன்.
அன்றைக்கு மிருதங்கத்தின் தொப்பி
பானைக்குள் யாரோ இருமுவதுபோல் கேட்கும்.

பகலில் ஆஸ்பத்திரியில்
இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன்.
இரவில் ஒலித்துண்டுகளுக்கு:
குரல் மூன்று கடைசி,
குரல் மூன்று உண்மையாகவே கடைசி,
குரல் மூன்று இதைத் தொடாதே.

பதிவுக்கு முன் ஏசியை நிறுத்துவேன்.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி
கார்ச் சாவியைத் தயிருக்குப் பக்கத்தில் வைப்பேன்,
திரும்பச் செருக மறக்காதிருக்க.
சில்வண்டுகள் மட்டும் சொல்வழி கேளா.
பிறகு கராஜின் நெற்றியில்
சிவப்பு விளக்கு எரியும்,
தட்டாதே என்று
தபால்காரனுக்கும் பீட்சாப் பையனுக்கும்.

அப்படியும் ஓர் இரைச்சல் மிஞ்சியது.
நூறு ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே ஒரு முனகல்,
ஏழு விநாடிக்கொருமுறை ஒரு பெருமூச்சு.
எர்த் பார்த்தேன்.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய் அணைத்து
இருட்டில் சுவர் சுவராய்க் காதை வைத்தேன்.
வேலிக்கு அப்பால் இருந்தது அது:
வின்ஸ் அட்டார்டின் ஒட்சிசன் இயந்திரம்.
மால்டாவிலிருந்து வந்து
முப்பது வருடம் ஓடு அறுத்தவர்,
கல்தூசி குடித்த நெஞ்சு.

போய்ச் சொல்ல முடியுமா,
ஐயா, நீங்கள் மூச்சுவிடுவது
என் மைக்கில் விழுகிறது என்று?
அந்த இடத்தில் மெல்லிய வெட்டுப் போட்டுப் பழகினேன்.
வெட்டோடு
ஆண்குரல்களின் கனமும் கொஞ்சம் போகும்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு
இரைச்சல் நின்றுவிட்டது.
நாற்பத்தொன்பது டாலருக்குப் புது வயர் வாங்கியிருந்தேன்.
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி, வியாழன், முப்பத்தொன்பது டிகிரி.
துவாரகன் பஸ் ஓட்டிவிட்டு
சீருடையோடு வந்தான்.
தங்கை கல்யாணத்துக்கு ஒரு பாட்டு,
அதில் ஒரே ஒரு சங்கதி
அவனுக்குப் பிடிபடவில்லை.
இன்னொருக்கா அக்கா.
சரி, இன்னொருக்கா.
நெற்றி வியர்வை மைக்கில் சொட்டாமல்
தலையைச் சாய்த்துப் பாடினான்.
டேக்குக்கு டேக் விளக்கை அணைத்துப் போட
எனக்கு அலுப்பு. எரியட்டும் என்று விட்டேன்.
பதினேழாவதில் சங்கதி வந்தது,
பாத்திரத்தில் பால் இறங்குவதுபோல்.
நாங்கள் இருவரும் அசையவில்லை.

அப்போது கராஜ் கதவில் தட்டல்.
டோரீன். கோபம் இல்லை, அவசரம்.
இன்னும் எவ்வளவு நேரமம்மா?
உன் சிவப்பு விளக்கு எரிந்தால்
அவர் மெஷினை நிறுத்திவிடுகிறார்.
எப்போதும் நாலு நிமிடம்தானே,
பிள்ளை வேலை செய்கிறாள் என்பார்.
இன்றைக்கு ஒரு மணிநேரம் தாண்டிவிட்டது.
போடச் சொன்னால்
விளக்கைக் காட்டுகிறார்.

சாவி! சாவி! என்று கத்தியபடி
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
சில்லென்ற சாவியை இறுக்கிக்கொண்டு
வேலியைச் சுற்றி ஓடினேன்.
டோரீன் அதற்குள் சுவிட்சைப் போட்டிருந்தாள்.
வின்ஸின் உதடு கத்தரிப்பூ நிறம்.
ஆஸ்பத்திரி வேண்டாமென்று கையசைத்து,
மூக்குக் குழாயைச் சரிசெய்து,
மூன்று மூச்சுக்குப் பிறகு கேட்டார்:
நல்லது ஒன்று கிடைத்ததா?

கிடைத்தது என்றேன்.
வேறென்ன சொல்ல.

பல்பைக் கழற்றி
ஆணிகள் போடும் டப்பாவில் போட்டுவிட்டேன்.
இப்போது எல்லாப் பதிவிலும் அது இருக்கிறது.
வெட்டுவதில்லை.
ஆண்கள் பாட வந்தால்
ஒரு கட்டைக்கு ஒரு மயிரிழை கீழே
சுருதி வைக்கிறேன்.
ஏனக்கா இப்படி என்பார்கள்.
அறையின் வாகு அப்படி என்பேன்.
அந்தச் சுருதியில்
வேலிக்கு அப்பாலிருந்து
வின்ஸ் பஞ்சமம் பிடிப்பார்.

துவாரகன் பதினேழாவதை எடுத்துப்போனான்,
துடைத்து வைத்தாற்போல் சுத்தமானது.
கல்யாணத்தில் அதைத்தான் போட்டார்கள்.
எல்லோரும் எழுந்து கைதட்டியபோது
நான் கைப்பையில் எதையோ தேடினேன்.