ஈரக்கழிவு

எவ்வளவு உதறிக் காட்டினாலும்
நூறு கிலோ பாசிக்குப் பதினைந்து கிலோ கழிப்பார்
பெரியபட்டினத்து வியாபாரி.
ஈரம் என்பார். மண் என்பார். ஒட்டிய சிப்பி என்பார்.
கழித்துப் பேசுகிற ஆட்கள் எனக்குப் புதிதில்லை.

ராமநாதபுரம் கோர்ட்டில் நாட்களைக் கழித்தார்கள்.
வவுனியாச் சிறை அவனை விட்ட தேதி ஒன்று,
தனுஸ்ரீ பிறந்த தேதி ஒன்று,
நடுவே இருநூற்று இருபத்தாறு நாள்.
(அங்கே 'அவர்' என்று சொல்லச் சொன்னார் என் வக்கீல்.
இங்கே அவன் போதும்.)
அவன் வக்கீல் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்,
அடகுக்கடையில் வட்டி காட்டுவது போல.
"பத்து மாசம் வரலையேம்மா."

வரவில்லைதான்.
முள்ளித்தீவுப் பாரில் பாசிச் சாக்கோடு சறுக்கி விழுந்தேன்.
காலில் கட்டிய தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
வள்ளத்துப் பலகையில் கடல்தண்ணி எது
பனிக்குடத்துத் தண்ணி எது என்று
கூட வந்தவர்களுக்கும் தெரியவில்லை.
பெரியாஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில்
இருபத்திரண்டு நாள் கிடந்தாள்.
ஒரு கிலோ எழுநூறு.
அந்த எடையில்தான் யாரும் கழிவு கேட்கவில்லை.

அவனை விட்ட சீட்டு சிங்களத்தில் இருந்தது.
தேதியைத் தவிர ஒரு எழுத்தும் எங்களுக்குப் படிக்க வராது.
அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு
இவ்வளவு தூரம் வந்துவிட்டான்.
ஆளை விட்டார்கள், படகை விடவில்லை.
படகு போன ஆத்திரத்தில்
எதையாவது தன்னுடையது இல்லை என்று
அவன் சொல்ல வேண்டியிருந்தது.

வந்த இரவு அவன்மேல் வேறு ஊர்ச் சோப்பு வாசம்.
அரிசி வேகும்வரைகூடப் பொறுக்கவில்லை.
"சாட்சி உண்டா?" என்றார்கள் கூண்டில்.
அன்றைக்குக் கரண்டே இல்லை ஐயா என்றேன்.
டைப் அடித்த பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நம்புராஜன், நம்புராஜன், நம்புராஜன் என்று
டவாலி மூன்று தடவை கூப்பிடுவார்.
நம்பு ஆத்தாளுக்கு முடியிறக்கி வைத்த பேர்.
ஆறு வருசம் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டே
மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பேருக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள்.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
தனுஸ்ரீ குழாயையே பார்த்தாள்.
"இது எங்க போகும்?"
சென்னைக்கு.
"டிக்கெட் எடுக்கணுமா?"

தொண்ணூற்று ஒன்பது புள்ளி
ஒன்பது ஒன்பது ஒன்பது என்று நீதிபதி வாசித்தபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்தக் கடலில் நனைந்த எதற்கும்
இத்தனை குறைவாகக் கழித்து நான் பார்த்ததில்லை.

மாதம் நாலாயிரம் என்று தீர்ப்பு.
முதல் மாதம் கசங்கிய நோட்டுகளைக் கொடுத்தான்.
எண்ணினேன். மூவாயிரத்து நானூறு.
"டீசல் விலை தெரியும்ல" என்றான்.

என் பிள்ளை இல்லை என்றவன்
அடுத்த வாய்தாவில் என் பிள்ளையைக் கொடு என்றான்.
மனு நம்பர் மாறியது, பெஞ்சு மாறவில்லை.
ஒன்றுவிட்ட சனிக்கிழமை, பத்திலிருந்து ஒன்றுவரை,
சுவரில் ஆமை வரைந்த அறையில் பார்க்கலாமாம்.

கதவோரம் நின்று கேட்டேன்.
குரும்பைப் போல உருண்டை முகத்தை நிமிர்த்தி,
அவன் மூக்கேதான் அது,
"நீங்கதான் எதிர்மனுதாரரா?" என்றாள்.
வீட்டில் வேறு பேரில் அவனை யாரும் சொன்னதில்லை.
அவன் வாயைத் திறந்தான், மூடினான்.
பிறகு "ஆமா" என்றான்.
"இந்தக் கேசுல நான்தான் மனுதாரர்" என்று திருத்தாமல்
ஆமா என்றான்.
அதற்காக அவனை மன்னிக்க மாட்டேன்.
ஆனாலும் மறக்க முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமை நல்ல வத்தம்.
பாரில் இடுப்பளவுதான் தண்ணி நிற்கும்,
களிமண்குண்டுப் பெண்கள் எல்லாரும்
விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.
நான் ஏழரை பஸ்ஸில் இவளுக்குத் தலை பின்னிக்கொண்டு இருப்பேன்.
அந்த நாள் கூலியை எந்த மனுவில் எழுதுவது என்று
வக்கீலைக் கேட்க வேண்டும்.